கணக்கை முடக்கிவிட்டார்களாம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கூடத்தில், அவர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த மாதிரிக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? "வேலை குடுத்த பார்ட்டியோட பேங்க் அக்கவுண்டை முடக்கிட்டாங்களாம்மா. தர மாட்டேங்கல, தர முடியலைங்கறாங்க. அன்னிக்கு மில்லுல உங்களுக்கும் இப்படித்தானே ஆச்சு? நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாய். நான் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் ரிப்பேருக்குக் கழற்றிப் போட்டிருந்த மோட்டாரைப் பார்த்தபடியே, "அவனுக்குமா?" என்றார்.

பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு, ஒரு அறையில் உட்கார்ந்து சொந்தமாக வேலை எடுத்துச் செய்யப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம் என்று அப்பா இப்போது நினைக்கிறார். அமெரிக்காவிலிருந்து வேலை பம்பாய்க் கம்பெனிக்கு வருகிறது, அங்கிருந்து எனக்கு வருகிறது, இன்டர்நெட்டில் பக்கங்கள் செய்து கொடுத்தால் போதும் என்று நீ விளக்கியது எனக்கு நன்றாகவே புரிந்தது. நானும் அப்படித்தானே இருந்தேன். ஊரும் மிஷினும்தான் வேறு. ஆகவே நீ கேட்டதற்குப் பதிலை எழுதிவிடுகிறேன். உனக்குப் பாதி தெரியும், பார்த்திருக்கிறாய். ஆனால் அப்போது உனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்திருந்த நேரம். உன் கவலை உனக்கு. என்னோடு நீ எல்லா இடத்துக்கும் வரவில்லை.

பீளமேட்டில் அந்த மில்லின் கம்ப்யூட்டர் அறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மில்லிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். கணக்குப் படித்துவிட்டுச் சும்மா இருந்தவளை அங்கே கொண்டு சேர்த்தது மேனேஜர் வரதராஜ் சார். அவரை உனக்கு நினைவிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. சில வருஷம் கழித்து மில் செலவைக் குறைக்க ஆரம்பித்தபோது அந்த அறையை மூடினார்கள். அவர்தான் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, வேலை போகுதுன்னு நெனைக்காதீங்க. இதே வேலையை நீங்க ஊட்டுலிருந்து செஞ்சு குடுங்க. சம்பளத்துக்குப் பதிலா பில்லு போடுங்க. நாளைக்கு வேற மில்லுக்கும் செய்யலாமுங்க," என்றார். நானும் அதை நம்பினேன். நகையை அடகு வைத்து, மீதிக்கு உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம் பார்க்கும் உன் மாமாவிடம் வாங்கி, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் நம் கூடத்துக்கு வந்தன. அந்தப் பிரிண்டர் ஓடும் சத்தத்தில் உன்னால் படிக்க முடியவில்லை என்று கோபித்துக்கொண்டு நீ மொட்டை மாடிக்குப் போவாய்.

முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. மாதக் கடைசியில் மில்லிலிருந்து வருகைக் கார்டுகள் சாக்கில் வரும். நான் ஏற்றிக் கணக்குப் போட்டுச் சம்பளச் சீட்டுகளை அச்சடித்து அனுப்புவேன். பில் போட்டால் செக் வரும். பிறகு யூனியனோடு புதிய சம்பள ஒப்பந்தம் போட்டார்கள். அதற்காகப் புரோகிராமை முழுக்கத் திருப்பி எழுத வேண்டியிருந்தது. பஞ்சப்படி, கிராஜுவிட்டி, பழைய பாக்கி எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு பெரிய தொகை பேசினோம். பேசினோம் என்றால் பேசினோம், அவ்வளவுதான். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆர்டர் என்று ஒரு தாள்கூடக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வரதராஜ் சாரிடம் தாள் கேட்பதா என்றுதான் இருந்தது. அந்த வேலை நடக்கும்போதே மாதப் பில்களும் தேங்க ஆரம்பித்தன. "எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்துடறோமுங்க," என்றார்கள். உனக்கு அந்த வருஷம் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போகிற தூரத்தில் காலேஜ். ஃபீஸுக்கு நான் நம்பியிருந்தது அந்தப் பணத்தைத்தான். செக் கைக்கு வந்த அன்று நாம் மூன்று பேரும் வெளியே சாப்பிடப் போனோம். பணம் வரட்டுமே, எதற்கு இப்போதே என்று நீ கேட்டாய்.

செக் திரும்பி வந்தது. அதோடு ஒரு சின்னச் சீட்டு. பணம் இல்லை என்று போட்டிருக்கும் என்று பார்த்தால் அப்படி இல்லை. கணக்கிலிருந்து எதுவும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. மில் வாங்கிய கடன் கட்டாமல் போனதால் கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், என் செக்கில் கையெழுத்து விழுந்த அதே வாரத்தில் கணக்கை நிறுத்திவிட்டார்கள். பேங்க் கவுண்டரில் இருந்தவர், "கணக்குல பணம் இருக்குதுங்க. ஆனா அதைத் தொட முடியாதுங்க," என்று விளக்கினார். கண்ணு, இல்லாத பணத்துக்கு அழுது முடித்துவிடலாம். இருக்கிறது, உனக்குத்தான், ஆனால் வராது என்று சொன்னால் மனது எதையும் முடித்துக்கொள்ள மறுக்கிறது. நாளைக்குத் திறந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். நீ இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது.

மில்லுக்குப் போனேன். வரதராஜ் சாருக்கும் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. நான் கேட்டதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். ரொக்கமாகத் தர முடியுமா என்றேன். கழிவுப் பஞ்சு விற்ற காசுகூட நேராக பேங்குக்குத்தான் போகிறது என்றார். நூலாகக் கொடுங்கள், நான் விற்றுக்கொள்கிறேன் என்றேன். எழுந்து ஜன்னலைத் திறந்து காட்டினார், குடோன் கதவில் சீல் வைத்திருந்தது. முதலாளியின் இன்னொரு கம்பெனியிலிருந்து தரச் சொல்ல முடியுமா என்றேன். உடனே தன் கைப்படக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனால், அங்கிருந்தவர் படித்துவிட்டு, "இது வேற கம்பெனி, அது வேற கம்பெனிங்க. நீங்க எங்களுக்கு என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. முதலாளி வீட்டுக்குப் போன் செய்தால் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அதே குரல்தான் அதைச் சொன்னது.

வக்கீலையும் பார்த்தோம், அப்பாவும் நானும். அவர் செக்கோடு வந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பணமில்லாம திரும்பியிருந்தா செக் கேஸ் போட்டுடலாங்க. இது ஆர்டரால நின்னது, அப்படிப் போட்டா நிக்காதுங்க. மில்லு ஏலத்துக்குப் போனா, கடன் குடுத்த பேங்கு, தொழிலாளிங்க, கவர்மென்ட் பாக்கி, அப்புறம் பஞ்சு குடுத்தவங்க, ஸ்பேர் பார்ட்ஸ் குடுத்தவங்க. அதுக்கும் பின்னாடி நீங்க. வேலை ஆர்டர் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் ஃபீஸ் வாங்கவில்லை. ஃபீஸ் வாங்காத வக்கீலைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

இதில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். செக் திரும்பி வந்த பிறகும் நான் அவர்களுக்கு மாதச் சம்பளக் கணக்கைப் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தினால் பழைய பணம் வராது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயம். வேலை செய்துகொண்டே இருந்தால் அவர்கள் இன்னும் என் பார்ட்டி, எனக்கு இன்னும் வர வேண்டியது இருக்கிறது என்று ஒரு நினைப்பு. மின்சாரம், பேப்பர், ரிப்பன், எல்லாம் என் செலவு. நீயும் அதைத்தான் செய்துகொண்டிருப்பாய். புதுப் பக்கங்கள் கேட்டிருப்பார்கள், நீயும் அனுப்பியிருப்பாய். நிறுத்திவிடு. அதனால் பணம் வராது. ஆனால் இன்னும் கொஞ்சம் போகாமல் இருக்கும்.

மில்லை மூடிவிட்டார்கள். ஒரு காலை ஷிப்டுக்குப் போனவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்த வாரம் வரதராஜ் சார் ஸ்கூட்டரில் நம் வீட்டுக்கு வந்தார். தொழிலாளர்கள் வழக்குப் போடுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பாக்கி, எவ்வளவு கிராஜுவிட்டி என்ற கணக்கு வேண்டும், அது நான் எழுதிய புரோகிராமில்தான் இருக்கிறது, மில்லில் வேறு எங்கும் இல்லை என்றார். அதற்கு முந்தின நாள்தான் மாமா உடுமலையிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். "குடுத்துப்போடாதீங்கக்கா. அது ஒண்ணுதான் உங்க கையில இருக்குது. அவுங்களுக்கு அது வேணுமில்ல? காசை வெச்சுட்டு எடுத்துட்டுப் போகட்டும்." நானும் அதையே வரதராஜ் சாரிடம் சொன்னேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. என் பையனுக்கு இந்த வாரம் ஃபீஸ் கட்ட வேண்டும் சார் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இது என் பேர்லதான் இருக்குதுங்கம்மா, மில்லு பேர்ல இல்லீங்க. வித்துக்குங்க. பத்தாதுன்னு தெரியும்," என்றார். அந்தச் சாவியை நான் எடுத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். உண்மையாகவே எடுத்திருப்பேன். ஆனால் ஸ்கூட்டர் இல்லாமல் அவர் எப்படி வீட்டுக்குப் போவார் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்துவிட்டது. பஸ் ரூட் இல்லாத இடம். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய மனசு ஒன்றும் இல்லை. "எடுத்துட்டுப் போங்க சார்," என்றேன். கணக்கையும் கொடுக்கவில்லை, சாவியையும் வாங்கவில்லை. நீ உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய். அவர் போன பிறகு வந்து, "குடுக்காதீங்கம்மா. என்ன ஆனாலும் குடுக்காதீங்க," என்றாய்.

இரண்டு நாள் கழித்து நூல் சுற்றும் வைண்டிங் செக்சனில் வேலை பார்த்த பழனியம்மாள் வந்தாள். அவளோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அப்பா வாசலுக்குப் போய் நின்றார். பழனியம்மாள் உள்ளேகூட வரவில்லை. "ஏனுங் கண்ணு, எங்க கணக்கெல்லாம் உங்ககிட்ட இருக்குதாமா? மேனேஜரு சொன்னாருங்க. உங்களுக்கும் மில்லு காசு தரோணுமாமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நீங்களும் எங்க மாதிரிதானுங்க. அதனால கேக்க ஒரு மாதிரியாத்தான் இருக்குது. சும்மா போட்டுத் தர வேண்டாமுங்க. பேப்பரு நாங்க வாங்கிட்டு வந்திருக்கறோம்." பார்த்தால் நிஜமாகவே கொண்டு வந்திருந்தார்கள். டவுன்ஹால் பக்கம் விசாரித்து, இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட அந்தப் பிரிண்டர் பேப்பரை ஒரு பெட்டி முழுக்க, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியிருக்கிறார்கள். எந்தப் பேப்பர் என்று மேனேஜரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார்களாம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "உன்ற வேலை. நீயே முடிவு பண்ணிக்க," என்றார். அவருக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது. சொன்னால் அந்தப் பாரம் தன் தலையில் வந்துவிடும் என்று பயந்தார். உன்னைப் பார்த்தேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். போகும்போது அந்தப் பெண்களைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டேன். பகல் முழுக்க பிரிண்டர் ஓடியது. வெளியே வாசலில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்து, வரும் தாள்களின் ஓரத்தைக் கிழித்துத் தனித்தனியாக அடுக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி பெயர்களைச் சத்தமாக வாசித்தாள். தன் பெயர் வந்தபோது பழனியம்மாள், "எத்தனைன்னு சொல்லு," என்றாள். சொன்னதும், "அத்தனையா வரோணும்?" என்று சிரித்துவிட்டாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அத்தனை பணத்தை ஒன்றாக அவர்கள் யாரும் பார்த்ததில்லை. புரோகிராம் ஒரு பைசா தப்பவில்லை. நான் எழுதியதிலேயே நல்ல வேலை அதுதான், கண்ணு. அந்தக் கணக்கில் மில்லில் வேலை பார்த்த ஒவ்வொருவரும் இருந்தார்கள், இறந்து போனவர்கள்கூட. என்னைச் சேர்க்க அதில் இடமில்லை. நான் தொழிலாளி இல்லை. டோக்கன் நம்பர் இல்லாதவள்.

உன் ஃபீஸுக்குக் கடைசி நாள் போய்விட்டது. அதற்கு முன் நான் கேட்காத ஆள் இல்லை. மாமாவிடம் இன்னொரு தடவை கேட்டேன். கணக்கைக் கொடுத்துவிட்ட கோபம் அவனுக்கு. "நான் சொன்னதைக் கேட்டீங்களாக்கா?" என்றான். நீ டிப்ளமா சேர்ந்தாய். பிறகு கம்ப்யூட்டர் கோர்ஸ், பிறகு பெங்களூர். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மிஷினை ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டது. நகை அடகுக் கடையிலேயே முழுகிப் போனது.

நான் கணக்கைக் கொடுத்ததால் அவர்களுக்காவது கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. முதலில் ஒரு கோர்ட், பிறகு அப்பீல், பிறகு மறுபடி முதல் கோர்ட். மிஷின்களை ஏலம் விட்டார்கள், அந்தப் பணமும் எங்கோ ஒரு கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. பழனியம்மாள் இப்போது தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்குக் காய் பறிக்க வேனில் போகிறாள். மலையிலிருந்து யானை இறங்கி வந்துவிட்டால் அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை. போன மாதம் கடைவீதியில் பார்த்தபோது, "கணக்கு மட்டும் ரொம்பச் சரியா இருக்குதுன்னு வக்கீலு சொன்னாருங் கண்ணு," என்றாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள்.

வரதராஜ் சார் போன வருஷம் இறந்துவிட்டார். உனக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பணத்தைப் பத்தியே பேசிட்டு இருந்தாருங்க," என்றார். எனக்குத் திரும்பி வந்துவிடலாம் போல இருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் கேட்டில் நின்று கத்தியிருப்பேன். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். பயந்து எங்கிருந்தாவது கொண்டு வந்து கொடுத்திருப்பாரோ என்னவோ. நல்ல மனுஷன் என்பதால் நானும் மரியாதையாகக் கேட்டேன், அவரும் மரியாதையாக இல்லை என்றார்.

நீ பம்பாய்க்கு ரயில் ஏறி நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றாய். போக வேண்டுமென்றால் போ, ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போ. அந்தக் கம்பெனி ஆள் பொய் சொல்கிறான் என்றால் பணம் வர வழி இருக்கிறது. பேங்க் கணக்கு முடங்காமல் இருக்கும், நீ போய் நின்றால் வெட்கப்பட்டாவது ஒரு பங்கு கொடுப்பான். அவன் சொல்வது நிஜம் என்றால், உன்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பான், தன் கஷ்டத்தைச் சொல்வான், நீயும் அவனுக்காக வருத்தப்பட்டுவிட்டுத் திரும்புவாய், ரயில் செலவும் உன்னுடையது. உனக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொள். என்னிடம் அது இல்லை. இருந்திருந்தால் வக்கீல் சொன்ன வரிசையில் கடைசியிலாவது நின்றிருப்பேன். வேறு பேங்கிலிருந்தோ, வேறு ஆள் மூலமாகவோ தருகிறேன் என்று அவனே சொன்னால் வாங்கிக்கொள், தயங்காதே. ஸ்கூட்டர் சாவியை வைத்தாலும் எடுத்துக்கொள். அவன் எப்படி வீட்டுக்குப் போவான் என்று யோசிக்காதே. நான் யோசித்ததால் யாருக்கு என்ன ஆயிற்று? நீ யோசிப்பாய் என்று தெரியும். என் வயிற்றில் பிறந்தவன்தானே. இருந்தாலும் எழுதுகிறேன்.

அறை வாடகைக்கு அப்பா கொஞ்சம் மணியார்டர் செய்யச் சொன்னார். இரண்டு மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டிக் கொடுத்த கூலி அது, ரொக்கமாக வந்தது. திருப்பி அனுப்பாதே, அவர் மனசு கஷ்டப்படும். இங்கே வந்துவிடு என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. வந்து என்ன செய்வது என்று நீ கேட்பாய், அதனால் சொல்லவில்லை.

நேற்று எனக்கு ஒரு சம்மன் வந்தது. மில் தொழிலாளர் வழக்கில் அந்தக் கணக்கு சரிதானா என்று எதிர்த்தரப்பு சந்தேகம் எழுப்பியிருக்கிறதாம். போட்டவர் வந்து சொல்ல வேண்டுமாம். கூண்டில் ஏறி, ஆமாம், நான்தான் போட்டேன், அதில் ஒரு பைசா தப்பில்லை என்று சொல்ல வேண்டும். எனக்குத் தர வேண்டியதைப் பற்றிச் சொல்லலாமா என்று தொழிலாளர்களின் வக்கீலிடம் கேட்டேன். "அது இந்த வழக்குல இல்லீங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதுமுங்க," என்றார். சரி என்றேன். வர்ற வியாழக்கிழமை. அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடாதே, கண்ணு. வீட்டில் இருக்க மாட்டேன்.

அம்மா